கம்பெனி செட்டிங்

பால் காய்ச்சிய பிறகு, குளிக்கப் போவதற்கு முன்பு, எங்கள் அடுக்ககத்தில் யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது. எல்லாரும் திருத்தத்தில் இருப்பார்கள். மடிக்கணினியைத் திறந்து அன்றைக்கு ஏதாவது ஒன்றை மாற்றி வைப்பார்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். சுட்டி அம்பின் நிறத்தைக் கொஞ்சம் கருக்கலாம். எழுத்தை ஒரு சுற்றுப் பெரிதாக்கலாம். குப்பைத்தொட்டிப் படத்தை மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்குத் தள்ளலாம். மாற்றி முடித்ததும் பால்கனிக்கு வந்து, அடுத்த பால்கனியைப் பார்த்து, "இன்னிக்கு என்னத்த மாத்துனீங்க?" என்று கேட்பது மரியாதை. கேட்காவிட்டால் கோபித்துக்கொள்கிறவர்கள் உண்டு.

நான் கேட்காமல் இருந்ததே இல்லை. அதனால்தான் கோவையின் இந்த மூலையில், இந்த ஒரு கட்டடத்தைப் பற்றியாவது எனக்கு நன்றாகத் தெரியும். மூன்றாம் மாடி வேதமூர்த்தியின் திரையில் கம்பெனிக்காரன் கொடுத்த மலைப்படமே இன்னும் இருக்கிறது. அவர் மகனுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் காபியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். எதையுமே மாற்றாத வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள்? எஸ்தர் டீச்சர் அதற்கு நேர் எதிர். மாதம் பிறந்தால் எல்லா ஒலிகளையும் மாற்றிவிடுவார். பிறகு எது அஞ்சல் வந்த ஒலி, எது ஆள் வந்த ஒலி என்று தெரியாமல் கதவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

இதெல்லாம் அழகுக்காகச் செய்வது என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் அம்மா காலத்தில் முகத்திருட்டு என்று ஒன்று இருந்தது. முகம், குரல், கைரேகை, கண்ணின் கருவிழி என்று எதை வேண்டுமானாலும் வீட்டிலேயே நகல் எடுத்தார்கள். ஒரே முகூர்த்தத்தில் ஒரே மாப்பிள்ளை மூன்று மண்டபங்களில் தாலி கட்டினாராம். அசல் ஆள் நான்காவது இடத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று அம்மா சொல்வாள். ஒருவரை அவர்தான் என்று சொல்ல உடம்பில் எதுவுமே மிச்சமில்லாமல் போனபோதுதான் இதைக் கண்டுபிடித்தார்கள்: ஒரு மனிதர் தன் கணினியின் இயங்குதளத்தை வருடக்கணக்காக எப்படியெப்படி நோண்டி வைத்திருக்கிறார் என்பதை மட்டும் இன்னொருவரால் நகல் எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு மாற்றமும் ஓர் இழை. எல்லா இழையும் சேர்ந்தது அமைவுரு. லிஃப்ட், ரேஷன், வாக்குச்சாவடி, ஆஸ்பத்திரி எல்லாம் அந்த அமைவுருவைத்தான் கேட்கும். மடிக்கணினி "ஆமாம், இவர்தான்" என்றால் உண்டு. இல்லையென்றால் நீங்கள் அழுதாலும் இல்லை.

எங்கள் எதிர்வீட்டுக் கோகிலவாணியைப் போல அமைவுரு எடுத்த ஆள் இந்தக் கட்டடத்திலேயே கிடையாது. இடக்கைப் பழக்கம். அதனால் சுட்டியின் இரண்டு பொத்தான்களையும் இடம் மாற்றி வைத்திருந்தாள். கீழே இருக்க வேண்டிய பணிப்பட்டையைத் திரையின் இடது ஓரத்தில் நிறுத்தியிருந்தாள். கடிகாரம் கொஞ்சம் முன்னால் ஓடும். அம்பு கத்திரிக்காய் நிறத்தில் கத்திரிக்காய் போலவே உப்பியிருக்கும். யாராவது அழைத்தால் குக்கர் விசிலடிக்கும். நாத்தனார் அழைத்தால் மட்டும் எந்தச் சத்தமும் வராது. அந்தத் திரையைப் பார்த்தால் எனக்கே தலை சுற்றும். அவளுக்கோ கண்ணை மூடிக்கொண்டும் கை போகும்.

அவள் வீட்டுக்காரர் மாரப்பன் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சொந்த அமைவுரு கிடையாது. கணினி ஒத்துவராத பெரியவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. வீட்டில் ஒருவரின் அமைவுருவோடு சார்ந்தவர் என்று சேர்ந்துகொள்ளலாம். மாரப்பண்ணன் மனைவியைச் சார்ந்தவர். "கலியாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தானுங்" என்று அவரே சிரிப்பார்.

அவர்களுக்கு ஒரே மகள், நித்திலா. மண் ஆராய்ச்சி படித்தவள். சனிக்கோளின் நிலவில் மண்ணைப் பழக்கி எதையாவது முளைக்க வைக்கப்போகும் கூட்டத்தோடு கிளம்பிப் போனாள். அவள் ஏறியது போகிற விண்கலம், வருகிற கலம் அல்ல. ஒரு பயணிக்குப் பூமியில் ஒரே ஒரு குரல்தான் பதிவு செய்யலாம். அவள் அம்மாவின் குரலைப் பதிவு செய்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை குக்கர் விசிலடிக்கும். நானும் தயிர் உறை கேட்கிற சாக்கில் கிண்ணத்தோடு போய் நிற்பேன். முதலில் சாதாரண போன் போலத்தான் பேசினார்கள். போகப் போக, இங்கே கேட்டதற்கு அங்கேயிருந்து பதில் வர ஒரு வாய் காபி குடித்துவிடலாம் என்றானது. பிறகு ஒரு டம்ளர். அதற்கு மேல் நேரடிப் பேச்சு கிடையாது. பேச்செல்லை என்று ஒரு கோடு போட்டிருந்தார்கள். அதைத் தாண்டிவிட்டால் பிறகு கடிதம் மட்டும்தான், அதுவும் மாதத்துக்கு ஒரு கட்டாக.

அந்தக் கோட்டைத் தொடும் ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறு நித்திலா ஒரு கேள்வி கேட்டாள். நான் கிண்ணத்தோடு அங்கேதான் இருந்தேன்.

"அம்மா, கோட்டுக்கிட்ட ஒரு திரும்புகலம் கழண்டு ஊருக்கு வருதுங். அதுல ஒரே ஒரு எடம் இருக்குதாமா. எனக்கு இங்க ஒண்ணுமே புடிபடல. நானா முடிவெடுத்தா எப்படியும் தப்பாத்தான் தோணும். நீங்க வான்னா வந்துர்றேன். போன்னா போயிர்றேன்."

தினம் ஏதாவது ஒன்றை மாற்றுகிற கோகிலா இதைத் தள்ளிப்போட்டாள். "அடுத்த ஞாயித்துக்கெழமை சொல்றேன் கண்ணு" என்றாள்.

அடுத்த ஞாயிறுதான் கடைசி. பதிலைக் கேட்டுவிட்டு அன்றே அவள் திரும்புகலத்தில் ஏற வேண்டும், அல்லது ஏறாமல் இருக்க வேண்டும்.

அந்த வாரம் எங்கள் கட்டடம் இரண்டு கட்சியாகிவிட்டது. ஒரே பெண்ணை எந்த அம்மா விடுவாள், வா என்றுதான் சொல்வாள் என்று ஒரு கட்சி. படித்த படிப்பை வீணாக்கச் சொல்லமாட்டாள், போ என்பாள் என்று இன்னொன்று. நான் கோகிலாவின் வாயைப் பிடுங்க என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். மாங்காய் ஊறுகாய் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் நாத்தனாரைப் பற்றி இல்லாததையும் பொல்லாததையும் சொன்னேன். அவள் சிரித்தாளே தவிர ஒரு சொல் சொல்லவில்லை. முடிவெடுத்துவிட்டாள் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

நடுவில் ஆயுதபூஜை வந்தது.

பொரிகடலைத் தட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். மாரப்பண்ணன் மட்டும் இருந்தார். கோகிலா பூசணிக்காய் வாங்கப் போயிருந்தாள். மனையின் மேல் மிக்ஸி, அரிவாள்மனை, ஸ்குருடிரைவர், ஸ்பேனர் எல்லாம் வரிசையாகச் சந்தனம், குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தன. நடுநாயகமாக மடிக்கணினி.

"வாங்கம்மிணி. எப்படி மின்னுது பாத்தீங்களா?"

"நல்லாத் தொடச்சிருக்கீங்கண்ணா."

"வெளியில தொடைக்க யாருக்குந்தான் தெரியும். நா உள்ளயும் கழுவிப்போட்டேன்."

"உள்ளயா? தண்ணி ஊத்தியா?"

"அட, அதில்லீங். அவ கடைக்குப் போறப்ப தெறந்தே வெச்சுட்டுப் போயிட்டா. பாத்தா ஒரே அலங்கோலம். கீழ இருக்க வேண்டிய பட்டை பக்கத்துல நிக்குது. மணி முன்னால ஓடுது. அம்பு உப்பிக் கெடக்குது. வயரு கட்டி, அட்டை மடிச்சு முட்டுக்குடுத்து ஓட்டுற மிஷினாட்டம் இருந்துச்சு. மில்லுல ஆயுதபூசைக்கு முந்துன நாளு நாங்க அப்படியே உட்டுருவமா? எல்லாத்தையும் அவுத்து, முட்டுக்குடுத்ததையெல்லாம் புடுங்கி எறிஞ்சு, கம்பெனி செட்டிங்குக்குக் கொண்டாந்துருவோம். அப்பத்தான் மிஷினுக்கு ஆயுசு. புள்ள பேசற ஞாயித்துக்கெழமைக்கு அது திக்காம ஓட வேண்டாமுங்களா?"

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். "அது ஒண்ணும் கேக்கலீங்களாண்ணா? வேண்டாமுன்னு சொல்லலியா?"

"கேட்டுச்சுங். நெம்ப நேரம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. உறுதியா, உறுதியான்னு. அது பயந்தாங்கொள்ளி மிஷினு. நானும் உடல. ஆமா ஆமான்னு அமுக்கித் தீத்துப்போட்டேன்."

கோகிலா பூசணிக்காயோடு படியேறி உள்ளே வந்தாள். குங்குமம் சுட்டியில் ஒட்டியிருக்கிறதே என்று முந்தானையால் துடைத்துக்கொண்டே திரையைத் திறந்தாள். அதில் கம்பெனிக்காரனின் மலைப்படம். அதன் நடுவில், "வணக்கம்! உங்கள் பெயர் என்ன?" என்று எழுதியிருந்தது.

அவள் இடக்கை பழக்கத்தில் திரையின் இடது ஓரத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. திரும்ப எடுத்துவிட்டு இன்னொரு முறை போனது.

"ஏனுங்க, என்ற பட்டை எங்கீங்க?"

"கீழ பாரு. அதோட எடத்துல இருக்குது" என்றார் அவர், பெருமையாக.

கோகிலா கத்தவில்லை. பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கத்தியிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது. கத்தினால் நாலு பேர் வருவார்கள், அழலாம், ஆறுதல் சொல்லலாம். உட்கார்ந்திருக்கிற ஆளை என்ன செய்வது? மாரப்பண்ணன் என் முகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். கடைசியில் மலைப்படத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஸ்பேனரில் வைத்த பொட்டைப் போல அவர் முகமும் காய்ந்துபோயிற்று.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. நான் கோகிலாவோடு போய் எஸ்தர் டீச்சரை அழைத்து வர லிஃப்டில் ஏறினால், அது என்னை, "வாங்க துளசிமணி" என்றது. அவளைப் பார்த்து, "வணக்கம் விருந்தினரே, யாரைப் பார்க்க வந்தீர்கள்?" என்று கேட்டது. அவள் தன் வீட்டு எண்ணைச் சொன்னாள். "மன்னிக்கவும், அந்த வீட்டில் தற்போது யாரும் வசிக்கவில்லை" என்றது லிஃப்ட், ரொம்ப மரியாதையாக. பின்னாலேயே ஏறிய மாரப்பண்ணன் நிலைமை இன்னும் மோசம். இல்லாத ஒருத்தியைச் சார்ந்தவர் அவர். அவரை லிஃப்ட் வணங்கக்கூட இல்லை.

எஸ்தர் டீச்சர் பள்ளிக்கூடத்தில் திருத்தப் பாடம் எடுத்தவர். பிள்ளைகள் முதன்முதலில் தங்கள் அம்பின் நிறத்தை மாற்றுவது அவர் வகுப்பில்தான். அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"கவலைப்படாதீங்க கோகிலா. ஒவ்வொண்ணா பழையபடி மாத்திடலாம். நூத்துக்குத் தொண்ணூறு ஒத்துப்போனா நீங்கதான்னு அது ஒத்துக்கும்."

"எனக்கு எது எங்க இருந்துச்சுன்னே தெரியலீங் டீச்சர்" என்றாள் கோகிலா. "கை தானாப் போகும், அவ்வளவுதான். அம்பு என்ன கலருங்க? ஊதாவா?"

"கத்திரிக்கா கலரு. பளபளன்னு இருக்கற நீளக் கத்திரிக்கா இல்ல, முள்ளுக் கத்திரிக்கா" என்றேன் நான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். இந்த விஷயத்தில் எனக்கு என்ன வெட்கம்? எதிர்வீட்டில் இவ்வளவு காலம் கிண்ணமும் கையுமாக நின்றவள் நான். அவள் உட்கார்ந்தாள், டீச்சர் பக்கத்தில் நின்று வழி சொன்னார், நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். பட்டை இடது ஓரம், ஆனால் ஒட்டி இல்லை, ஒரு விரலிடை விட்டு. எழுத்து பெரிது, ஆனால் கீழே இருக்கும் எழுத்து மட்டும் சின்னது. குப்பைத்தொட்டிக்குச் சாக்கடை என்று பெயர். சுட்டியின் உருளையைக் கீழே தள்ளினால் பக்கம் மேலே போக வேண்டும். பெரிய எழுத்துப் பொத்தான் வேலையே செய்யக் கூடாது, ஏனென்றால் ஒருமுறை பேங்க் மேனேஜருக்கு இங்கிலீஷில் முழுக்கப் பெரிய எழுத்தாக, கத்துவதைப் போலக் கடிதம் போய்விட்டது. திரை சாயங்காலத்துக்கு முன்பே மஞ்சளாக வேண்டும். அஞ்சல் வந்தால் வளையல் ஒலி. நாத்தனாருக்கு மௌனம்.

"நாத்தனாருக்கு மௌனமுங்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கோகிலா கேட்டாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

"உங்க நாத்தனாரே எங்கிட்ட வந்து அழுதாங்க. கூப்புட்டா எடுக்கறதே இல்லைன்னு."

முடித்தபோது திரை பழைய திரையாகவே நின்றது. எனக்கு மறுபடியும் தலை சுற்றியது, அதனால் சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கோகிலா இடக்கையை நீட்டினாள். பட்டை இருந்த இடத்தில் இருந்தது. மாரப்பண்ணன் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். டீச்சர், "உம், கேளுங்க" என்றார். கோகிலா தன் பெயரைச் சொன்னாள்.

திரை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு எழுதியது: "இந்த அமைவுரு கோகிலவாணியினுடையதோடு முழுமையாகப் பொருந்துகிறது. ஆகவே இது கோகிலவாணியை நன்கு அறிந்த வேறொருவரின் வேலை. மீண்டும் முயன்றால் ஆள்மாறாட்டமாகக் கொள்ளப்படும்."

டீச்சர் இரண்டு முறை படித்தார். "பொருந்துதுன்னுதானே போட்டிருக்கு?" என்றார் மாரப்பண்ணன் நம்பிக்கையாக.

விஜயதசமி விடுமுறை கழிந்ததும் அடையாள மையத்துக்குப் போனோம். அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நித்திலாவின் வயதுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டாள். இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருப்பாள் போல, எங்கள் கதை முடிவதற்குள்ளேயே தலையாட்ட ஆரம்பித்தாள்.

"முழுசாப் பொருந்திச்சுங்களா? அதாங்க பிரச்சினை. தன் செட்டிங்ஸைத் தானே திரும்ப வைக்கறப்ப யாருக்குமே சரியா வராது. பத்துல ஒண்ணாவது தப்பாயிரும். பட்டையை வலது பக்கம் வெச்சுட்டு கொஞ்ச நாள் தடுமாறுவாங்க. நெறத்தை மறந்துருவாங்க. அசலான ஆளுக்குத் தன்னைப் பத்தி அவ்வளவு தெரியாதுங்கம்மா. இவ்வளவு சரியா ஒருத்தரைத் தெரிஞ்சு வெச்சிருக்கறது வெளியாளுதான்."

"வெளியாளு நாந்தானுங்க. நாந்தான் எடுத்துக்குடுத்தேன்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தெரியுதுங்க" என்றாள்.

"அப்பக் கொஞ்சம் தப்பா வெச்சுர்றனுங்க" என்றாள் கோகிலா. "அம்பை ஊதாவா மாத்திர்றேன். மணியச் சரியா வெச்சுர்றேன்."

"வேணும்னே பண்ற தப்பு வேற மாதிரி இருக்குங்கம்மா. அதுக்குத் தெரியும்."

"எங்களதோட நகலு உங்ககிட்ட இருக்குமில்ல கண்ணு?" என்று மாரப்பண்ணன் மேஜையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அதைக் குடுத்துரு. நான் பழையபடி மாட்டிர்றேன்."

"இருக்குங்கய்யா. ஆனா அதைக் கோகிலவாணிகிட்டத்தான் குடுக்க முடியும்."

"இதா நிக்கறாளே!"

அந்தப் பெண் கோகிலாவைப் பார்த்தாள். "எங்கண்ணுக்கு இவங்கதாங்கய்யா கோகிலவாணி. எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா எங்கண்ணு செல்லாதுங்க. முகத்தைப் பாத்து நம்பித்தானே அத்தனை பேரும் ஏமாந்தாங்க? அக்கம்பக்கத்துச் சாட்சியும் செல்லாது. நகலெடுத்தவங்க பாதிப் பேரு அக்கம்பக்கந்தான்." இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. அது அவளுடைய நல்ல குணம்.

மிச்சம் என்ன வழி என்று கேட்டோம். புதியவர் என்று பதிந்துகொள்ளலாம் என்றாள். வெறும் திரையிலிருந்து தொடங்கி, தினம் ஒன்றாக மாற்றி மாற்றி, இரண்டு வருடம் போனால் ஓர் அமைவுரு பிடித்துவிடும். அந்த அமைவுருவுக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம், கோகிலவாணி என்றும் வைக்கலாம். ஆனால் அது வேறு கோகிலவாணி. அதற்கு மகள் இருக்கமாட்டாள்.

"ஞாயித்துக்கெழமை புள்ள பேசுவாளுங்க" என்றாள் கோகிலா. "அவளுக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லோணும். ஒரே வார்த்தைதானுங்க. நீங்களே சொன்னாலும் சரி."

"கலத்துல இருந்து அழைப்பு வருங்கம்மா. அது மெஷினுக்கு வர்றது, உங்க மெஷின் ஏற்கெனவே அவங்ககிட்டப் பதிஞ்சதுதான். அதனால நீங்க கேக்கலாம். விருந்தாளிகள் கேக்கறதுக்குத் தடையில்ல. உங்க குரல் மட்டும் போகாது. என் குரலும் போகாதுங்க. ஒரு பயணிக்கு ஒரு குரல்தான்."

"போகலைன்னு அவளுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்கம்மா. ஒருத்தரோட அமைவுரு போயிருச்சுங்கறது அவங்க அந்தரங்கம். அதை இன்னொருத்தருக்குச் சொல்லக் கூடாதுன்னு சட்டம். அங்கே மறுமுனை திறந்திருக்குன்னு பச்சை விளக்கு மட்டும் எரியும். வேற யாராவது கடிதம் போடலாம். ஆனா அது மாசக்கட்டுலதான் போகும். கோட்டைத் தாண்டித்தான் போய்ச் சேரும்."

திரும்பி வரும்போது பேருந்தில் மாரப்பண்ணன் எங்களோடு உட்காரவில்லை. இடம் இருந்தும் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோகிலா ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "அவரை ஒண்ணும் சொல்லிராதீங்கக்கா" என்றாள். "புள்ள பேசறப்பத் திக்கக் கூடாதுன்னு பண்ணிப்போட்டாரு." நான் எதுவும் சொல்வதாக இல்லை. ஆனாலும் என்னைப் பார்த்தால் சொல்கிற ஆளாகத் தெரிகிறது, என்ன செய்ய.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறிய பிறகு குக்கர் விசிலடித்தது. நாங்கள் வைத்த ஒலிதான், வைத்த எதையும் இயந்திரம் பறிக்கவில்லை. கோகிலா நல்ல பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தலைவாரிப் பூ வைத்து, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் படம் எங்கும் போகாது என்பது அவளுக்குத் தெரியும். டீச்சர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இந்த முறை கிண்ணம் எடுத்துக்கொண்டு போகவில்லை. மாரப்பண்ணன் வெளியே நடையில், கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு கட்சிக்காரர்களும். வேதமூர்த்திகூட வந்திருந்தார்.

நித்திலாவின் முகம் வந்தது. முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அம்மா, கேக்குதுங்களா?"

"கேக்குது கண்ணு. கேக்குது சாமி" என்றாள் கோகிலா.

காத்திருந்தோம். ஒரு டம்ளர் காபி குடிக்கிற நேரம். நித்திலா தன் பக்கத்துப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"இருக்கீங்கன்னு தெரியுதுங்ம்மா. வெளக்கு எரியுது. என்ன, பேச மாட்டீங்கறீங்க? கோவமா?"

"இல்ல கண்ணு! கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. அப்பாதான் மிஷினக் கழுவிப்போட்டாரு..."

மறுபடியும் காத்திருந்தோம். அவள் அங்கே சிரிக்க முயன்றாள். அங்கே சமைக்கிற கஞ்சியைப் பற்றிச் சொன்னாள். பக்கத்துப் படுக்கைக்காரி தூக்கத்தில் மலையாளத்தில் திட்டுகிறாள் என்று சொன்னாள். நடுநடுவே நிறுத்தி, அம்மாவுக்கு இடம் கொடுத்தாள். அந்த இடத்திலெல்லாம் கோகிலா பேசினாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கஞ்சியில் உப்புப் போடச் சொன்னாள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சாதாரணமாக ஓர் அம்மாவும் பெண்ணும் பேசிக்கொள்வதாகத்தான் தெரிந்திருக்கும்.

"அம்மா, கதவடைக்கப் போறாங்க. நேரமில்லீங்ம்மா. சொல்லுங்க. வரட்டுமா, போகட்டுமா?"

நான் அந்த ஒரு வாரமாக எந்தச் சொல்லைப் பிடுங்க அலைந்தேனோ, அது அப்போதுதான் வந்தது. கோகிலா எழுந்து நின்றுவிட்டாள். திரையின் இரண்டு பக்கத்தையும் கையால் பிடித்துக்கொண்டாள்.

"வந்துரு" என்றாள். "வந்துரு கண்ணு. எனக்கு மண்ணும் வேண்டாம், பேரும் வேண்டாம். வந்துரு."

அதன் பிறகு எத்தனை முறை சொன்னாள் என்று நான் எண்ணவில்லை. கத்தினாள். பிறகு கெஞ்சினாள். பிறகு ரொம்ப மெதுவாக, காதுக்குள் சொல்வதைப் போலச் சொன்னாள். நித்திலா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு டம்ளர் நேரம் போனது. இன்னொரு டம்ளர் நேரமும் போனது. அவள் பின்னால் யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினாள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள்.

பிறகு தலையாட்டினாள், ஏதோ பதில் கேட்டதைப் போல.

"சரிங்ம்மா" என்றாள். "வான்னு சொல்லவும் முடியல, போன்னு சொல்லவும் மனசு வரல. அதானே? எனக்குப் புரியுதுங். நீங்க அழுதுட்டு ஒக்காந்திருப்பீங்க. அழுவாதீங்க. நீங்க வாயத் தெறந்து வேண்டாமுன்னு சொல்லல, அது போதும் எனக்கு. நா போறனுங்ம்மா. அப்பாவை மாத்திரை போடச் சொல்லுங்க."

படம் போய்விட்டது. திரையில் மறுபடியும் முள்ளுக் கத்திரிக்காய் நிற அம்பு மட்டும் நின்றது. பக்கத்தில் ஒரு சிறிய பெட்டி முளைத்தது. "ஒலி தெளிவாக இருந்ததா? உங்கள் விருப்பப்படி ஒலி அமைவை மாற்றிக்கொள்ளலாம்" என்றது. கோகிலா அதைப் பார்த்துக்கூட, "வந்துரு" என்றாள் ஒருமுறை. டீச்சர் கணினியை மூடினார்.

நான் வெளியே வந்தேன். நடையில் எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். மாரப்பண்ணன் சுவரோடு சுவராக நின்றிருந்தார். உள்ளே கோகிலா கத்தியதை அவர்கள் கேட்டிருக்கலாம். சொல் விளங்கியிருக்காது, கதவு சாத்தியிருந்தது. இந்தக் கட்டடத்தில் எந்தச் செய்தியானாலும் முதலில் என் வாயிலிருந்துதான் வந்திருக்கிறது. அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

"என்னங்க சொன்னாங்க கோகிலாம்மா?" என்று வேதமூர்த்தி கேட்டார். "வான்னாங்களா, போன்னாங்களா?"

மாரப்பண்ணன் கண்ணும் அதையே கேட்டது.

"ஒண்ணுமே சொல்லலீங்" என்றேன்.

நித்திலாவிடம் போய்ச் சேர்ந்தது அவ்வளவுதான்.